முதல் சரித்திரக் காதல் நாவல்: அச்சுக்குப் போகுமுன் வாசகர் கருத்து வாங்கும் முறை

"நல்லா இருக்கு" என்று எட்டுப் பேர் சொன்னாலும் எழுதியவருக்கு ஒரு வரிகூடத் திருத்தக் கிடைக்காது. "112ஆம் பக்கத்தில் மூடி வைத்தேன், நாலு நாள் கழித்துத்தான் எடுத்தேன்" என்று ஒருவர் சொன்னால் வேலை தொடங்கிவிடும். எங்கே அலுத்தது என்பது வாசகருக்குத் துல்லியமாகத் தெரியும். ஏன் அலுத்தது என்பதில்தான் பெரும்பாலும் தவறிவிடுவார். அதனால் இடத்தை அவரிடம் கேட்டு வாங்க வேண்டும், காரணத்தை எழுதியவர் தேட வேண்டும். கீழே வரும் முறை முழுக்க இதற்காகத்தான்.

விளக்கத்துக்கு ஒரு நாவலை வைத்துக்கொள்வோம். 1748, புதுச்சேரி. ஆகஸ்டில் ஆங்கிலேயத் தளபதி பாஸ்கவன் படையோடு வருகிறார், பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே உள்ளிருந்து எதிர்க்கிறார், அக்டோபரில் மழை பிடித்துக்கொள்ள முற்றுகை கலைகிறது. நடுவே முத்தியால்பேட்டை நெசவாளர் ஒருவரின் மகளும் கோட்டையில் கணக்கெழுதும் இளைஞனும். 320 பக்கம்.

படிக்க ஏழிலிருந்து ஒன்பது பேர் போதும். ஐந்துக்குக் கீழே போனால் உரக்கப் பேசுகிற ஒருவரின் ரசனையே எல்லாருடைய கருத்தும் ஆகிவிடும். பன்னிரண்டைத் தாண்டினால் வந்த குறிப்புகளைத் தொகுக்கவே முடியாது. மூன்று பேர் வாரத் தொடர்களில் சரித்திரக் கதை படித்து வளர்ந்தவர்களாக இருக்கட்டும். இரண்டு பேர் காதல் நாவல் மட்டும் படிப்பவர்கள், ஒருவர் சரித்திரக் கதையே தொடாதவர், ஒருவர் உள்ளூர் வரலாறு அறிந்தவர், ஒருவர் கடலூர் பழைய நகரத்துக்காரர். முற்றுகைக்கு வந்த படை அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது, அந்த மண்ணின் பெயர்களை அவர் சரியாகப் பிடிப்பார். குடும்பத்தார், நெருங்கிய நண்பர்கள் வேண்டாம். எழுதியவர் மனம் நோகுமே என்று அவர்கள் பென்சிலைக் கீழே வைத்துவிடுவார்கள்.

பிரதியை பிடிஎஃப் ஆக வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். போனில் படிப்பவர் தாவிய இடமும் தூங்கிய இடமும் பதிவாகாது, கோப்பும் கைமாறிப் போகும். ஏ4 தாளில் ஒரு பக்கம் மட்டும், 13 புள்ளி எழுத்து, ஒன்றரை வரி இடைவெளி, வலது ஓரத்தில் நான்கு சென்டிமீட்டர் வெற்றிடம். பக்க எண் கட்டாயம். ஸ்பைரல் பைண்டிங்கை இரண்டு பாகமாகப் போடச் சொல்லுங்கள். 320 தாளும் ஒரே கட்டாக இருந்தால் படுத்துக்கொண்டு படிக்க முடியாது, பாதியில் நிறுத்தியது கதையாலா கனத்தாலா என்று பிறகு தெரியாது. கெடு மூன்று வாரம்.

ஒவ்வொருவருக்கும் ஒரு பென்சில் கொடுத்து நான்கே குறிகள் சொல்லுங்கள். படிப்பதை நிறுத்திய இடத்தில் "நி". பத்தியைத் தாண்டிப் போனால் "தா". திரும்பப் படித்தால் "தி". நம்ப முடியாவிட்டால் "ந". காரணம் எழுத வேண்டாம் என்று அழுத்திச் சொல்லுங்கள். காரணம் எழுதத் தொடங்கினால் அவர் விமர்சகராகிவிடுவார், வாசகர் காணாமல் போவார். "தி" மட்டும் கொஞ்சம் ஏமாற்றும்: புரியாமல் திரும்பியதும் அதுதான், ரசித்துத் திரும்பியதும் அதுதான். ரசித்ததாக இருந்தால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போடச் சொல்லிவிடுங்கள்.

பிரதி திரும்பி வந்த நாளில் கேள்வி கேட்காதீர்கள். ஒரு வாரம் விட்டு, கையில் பிரதி இல்லாதபோது கேளுங்கள். காதலர் இருவரின் பெயர் என்ன? சேர்ந்தால் யார் எதை இழப்பார்கள்? அவர்கள் விரும்புகிறார்கள் என்று உங்களுக்கு எப்போது தெரிந்தது, அவர்களுக்கு முன்பா பின்பா? எந்தப் பாத்திரத்தை எடுத்துவிட்டாலும் கதை குலையாது? இரண்டாவது கேள்விக்கு எட்டில் ஐந்து பேர் தடுமாறினால் நாவலில் தடை இல்லை, தள்ளிப்போடுதல்தான் இருக்கிறது என்று பொருள். முற்றுகை அவர்களைப் பிரிக்கவில்லை, ஆசிரியர் பிரித்து வைத்திருக்கிறார்.

பிறகு ஒரு பெரிய தாளில் அத்தியாயங்களைக் கீழ்நோக்கியும் வாசகர்களைக் குறுக்காகவும் எழுதிக் குறிகளை ஏற்றுங்கள். அடுத்தடுத்த இரண்டு பக்கங்களுக்குள் மூன்று பேரின் குறி விழுந்தால் அங்கே கோளாறு உண்டு. ஒரே ஒருவர் குறித்தது பெரும்பாலும் ரசனை. தகவல் பிழைக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது, ஒருவர் சொன்னாலே சரிபார்க்க வேண்டும்.

தகவல் பிழையில் இந்த ஊருக்கென்றே சில பொறிகள் இருக்கின்றன. 1761இல் நகரைப் பிடித்த ஆங்கிலேயர் கோட்டையையும் பிரெஞ்சுப் பகுதியையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இன்று கடற்கரையோரத் தெருக்களில் பார்க்கும் மஞ்சள் சுவர் வீடுகள் அதற்குப் பின் எழுந்தவை. 1748இல் காதலி அந்தச் சுவரோரம் காத்திருந்தால் உள்ளூர் வாசகர் "ந" போடுவார். பழைய கலங்கரை விளக்கம் 1836இல் வந்தது. ஆயி மண்டபம் மூன்றாம் நெப்போலியன் காலத்தது. விளக்கேற்றத் தீக்குச்சி கிடையாது, ரசத்தில் தக்காளி கிடையாது. "ஐந்து நிமிடம் நின்றாள்" என்பதைவிட நாழிகைக் கணக்கு ஒட்டும்: ஒரு நாழிகை 24 நிமிடம்.

எல்லாவற்றையும்விட நுட்பமானது தேதி. பிரெஞ்சுக்காரர் புது (கிரிகோரியன்) நாட்காட்டியில் இருந்தார்கள், ஆங்கிலேயர் 1752 வரை பழையதில் (ஜூலியன்). அன்று புதுச்சேரிக் கணக்குக்கும் கடலூரை ஒட்டி ஆங்கிலேயர் வைத்திருந்த தேவனாம்பட்டினக் கோட்டைக் கணக்குக்கும் பதினொரு நாள் வித்தியாசம். முற்றுகை முடிந்த நாளை இரண்டு வாசகர்கள் இரண்டு விதமாகத் திருத்தினால் இருவரும் சரியாகவே இருக்கலாம். நாவல் எந்தக் கணக்கைப் பின்பற்றுகிறது என்று முடிவுசெய்து கடைசிவரை அதிலேயே நில்லுங்கள். டூப்ளேயிடம் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1736இல் தொடங்குவது. இந்த முற்றுகை நாட்களைத் தமிழிலேயே சொல்லும் சாட்சி அது. சந்தேகம் வந்தால் முதலில் அதைத் திறங்கள்.

அடுத்து, புகாரைப் படிக்கும் விதம். "சரித்திரம் ஜாஸ்தி" என்று சொல்வார்கள். அவர்கள் போட்ட "தா" எங்கே இருக்கிறது என்று பார்த்தால், அநேகமாகக் காதலர் இருவருமே இல்லாத பக்கங்களில் இருக்கும். வெட்ட வேண்டாம், இடம் மாற்றுங்கள். படை வந்த செய்தியைத் தனிப் பத்தியாகச் சொல்லாமல், வாசல் அடைபட்டதால் அவன் வெளியே வர முடியாமல் போன காட்சிக்குள் வைத்தால் அதே வரிகளை அதே வாசகர் தாவாமல் படிப்பார்.

"கதாநாயகி இந்தக் காலத்துப் பொண்ணு மாதிரி இருக்கா" என்பது இன்னொன்று. உடனே அவள் துணிச்சலைக் குறைக்காதீர்கள். துணிச்சலுக்கு விலை இல்லாததுதான் குறை. தனியே கோட்டை வாசல் வரை போனவளை யார் பார்த்தார்கள், மறுநாள் அப்பாவின் தறிக்கு நூல் கொடுக்கிறவர் என்ன சொன்னார் என்று எழுதினால் அந்தப் புகார் போய்விடும். "காதல் நம்பும்படி இல்லை" என்றால், மனம் திறக்கும் காட்சிக்கு முன் ஒருவருக்காக மற்றவர் எதையாவது இழந்த காட்சிகளை எண்ணுங்கள். இரண்டுக்குக் குறைவாக இருந்தால் அழகான வர்ணனை எதுவும் காப்பாற்றாது.

காதலர்களில் ஒருவர் பிரெஞ்சு அதிகாரியாகவும் மற்றவர் வேலைக்காரப் பெண்ணாகவும் இருக்கும் நாவலுக்கு இன்னும் கவனம் வேண்டும். இந்தக் கரையிலிருந்து மனிதர்களை அடிமைகளாகக் கப்பலேற்றி மொரீசியஸுக்கும் ரீயூனியனுக்கும் அனுப்பிய நூற்றாண்டு அது. "அவள் மறுத்திருக்க முடியுமா?" என்ற கேள்விக்கு நாவலில் விடை இருக்க வேண்டும். சாதி பற்றிய உறுத்தலையும் இதையும் கூட்டத்தில் யாரும் சொல்லமாட்டார்கள். பெண் வாசகர்களிடம் தனித்தனியே, ஒரு பெண் கேட்பது நல்லது.

கூட்டம் கூட்டுவதானால் ஒன்றரை மணி நேரம், மாலை ஆறுக்கு மேல், யார் வீட்டுத் திண்ணையிலாவது. கடற்கரைச் சாலை வேண்டாம், காற்றில் மெதுவாகப் பேசுகிறவர் குரல் கேட்காது. ஐப்பசி கார்த்திகையும் வேண்டாம், மழையில் பாதிப் பேர் வரமாட்டார்கள். குறைவாகப் பேசுகிறவர் முதலில், வரலாறு தெரிந்தவர் கடைசியில். அவர் முதலில் தொடங்கினால் மற்றவர்கள் தங்களுக்குத் தெரியாது என்று வாயை மூடிக்கொள்வார்கள். எழுதியவர் உட்காரலாம், குறித்துக்கொள்ளலாம், விளக்கம் சொல்லக் கூடாது. "அது ஏன்னா..." என்று அவர் ஆரம்பித்த அந்த விளக்கம் நாவலுக்குள் இல்லை என்பதைத்தான் வாசகர் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

திருத்தத்தை இரண்டு வாரம் கழித்துத் தொடங்குங்கள். முதலில் காதலுக்கான தடை, பிறகு காட்சி வரிசை, பிறகு தேதியும் பொருள்களும், கடைசியில் நடை. நடையில் தொடங்கினால் பிறகு வெட்டப்போகும் பக்கங்களுக்கு மெருகேற்றி நாள் போகும். திருத்திய பிரதியைப் புதிதாக மூன்று பேரிடம் முழுதாகக் கொடுங்கள். முன்பு படித்தவர்களுக்கு விட்ட இடமெல்லாம் பழைய பிரதியின் நினைவிலிருந்து நிரம்பிவிடும்.