பிஎச்.டி.: பணத்துக்கு வழி முதலில், பதிவு அப்புறம்

வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு பக்கம் எம்.ஏ., எம்.எஸ்ஸி. முடித்த பிள்ளைகள் பலர் செய்கிற ஒன்றைத் தயவுசெய்து நீங்கள் செய்யாதீர்கள். வீட்டுக்குச் சம்பளம் வேண்டும் என்று கிடைத்த வேலையில் சேர்ந்துகொண்டு, பிஎச்.டி.யைப் பார்ட் டைமில் பதிந்துவிடுகிறார்கள். ஜே.ஆர்.எஃப். (நெட் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்தவர்களுக்கு மத்திய அரசு தரும் ஆய்வு உதவித்தொகை), பட்டியல் சாதி மாணவர்களுக்கான தேசிய ஆய்வு உதவித்தொகை, மாநில அரசின் ஊக்கத்தொகை எல்லாமே முழுநேர ஆய்வாளருக்குத்தான். பார்ட் டைம் என்று பதிந்த அன்றே அத்தனையும் கை நழுவிப் போகிறது, இதை நமக்கு யாரும் முன்கூட்டியே சொல்வதும் இல்லை.

முதலில் தொகையைத் தெரிந்துகொள்ளுங்கள், வீட்டில் பேச அது உதவும். ஜே.ஆர்.எஃப். 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000. விடுதியில் தங்காதவர்களுக்கு வீட்டு வாடகைப்படி தனி. பட்டியல் சாதி மாணவர்களுக்கான தேசிய உதவித்தொகையிலும் இதே அளவுதான். "இன்னும் படிப்பா?" என்று கேட்கிற அம்மாவிடம் "படிப்புக்கே மாசம் முப்பத்தேழாயிரம் வரும்மா" என்று சொல்லிப் பாருங்கள், பேச்சே வேறு மாதிரி போகும்.

இரண்டுக்கும் வழி நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வு. இங்கே நான் சொல்வது யு.ஜி.சி. நெட், இயற்பியல், வேதியியல் போன்ற அறிவியல் பாடங்களுக்கு சி.எஸ்.ஐ.ஆர். நெட் தனி, அதில் தப்புக்கு மைனஸ் உண்டு. ஜூன் சுழற்சி, டிசம்பர் சுழற்சி என்று வருடத்துக்கு இரண்டு. முதுகலையில் 55 சதவீதம் வேண்டும், பட்டியல் சாதி, பழங்குடி, ஓ.பி.சி. (இதர பிற்படுத்தப்பட்டோர்) மாணவர்களுக்கு 50 போதும். ஜே.ஆர்.எஃப்.புக்கு வயது வரம்பு 30, இந்தப் பிரிவினருக்கும் பெண்களுக்கும் ஐந்து வருடச் சலுகை. இரண்டு தாளும் சேர்த்து 150 கேள்வி, 300 மதிப்பெண், தப்பாகப் போட்டாலும் மைனஸ் கிடையாது, அதனால் ஒரு கேள்வியைக்கூட விடாதீர்கள். முதல் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான் வரும். தமிழ்வழியில் படித்தவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான், பாடம் தெரியாமல் இல்லை. பழைய முதல் தாள்களை எடுத்துக் கேள்வியின் ஆங்கிலத்தைப் பழகுவதற்கே ஒரு மாதம் ஒதுக்குங்கள். வீட்டில் இடமில்லை என்றால் எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போய்விடுங்கள்.

ஜே.ஆர்.எஃப். கட்-ஆஃப் கிடைக்காவிட்டாலும் சோர்ந்துபோகாதீர்கள். பட்டியல் சாதி மாணவர்களுக்கான அந்தத் தேசிய உதவித்தொகைக்கு நெட் மதிப்பெண்ணை வைத்துத்தான் ஆள் எடுக்கிறார்கள். 2024-லிருந்து 'பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும்' என்று ஒரு தகுதியும் உண்டு. அதற்கு ஆயுள் ஒரு வருடம், அதற்குள் வழிகாட்டிப் பேராசிரியரைப் பிடித்துவிட வேண்டும்.

சான்றிதழ் விஷயத்தில் நம் பகுதிக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. நம் தெருக்களில் தலித் கிறிஸ்தவக் குடும்பங்கள் நிறைய. 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவர்கள் பட்டியல் சாதியில் வரமாட்டார்கள், ஆகவே அந்தத் தேசிய உதவித்தொகை இவர்களுக்கு இல்லை. சிறுபான்மையினருக்கு இருந்த மௌலானா ஆசாத் உதவித்தொகையையும் 2022-ல் மத்திய அரசு நிறுத்திவிட்டது, பெரிய அநியாயம் அது. இவர்கள் ஓ.பி.சி. பிரிவில் போகலாம். ஆனால் கையில் இருக்கும் மாநில பி.சி. சான்றிதழ் அதற்குச் செல்லாது, மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். இ-சேவை மையத்தில் பதிவு செய்யலாம். நெட் அறிவிப்பு வந்த பிறகு ஓடாமல் இப்போதே வாங்கி வையுங்கள், தாலுகா அலுவலகத்தில் நாள் ஆகும்.

மாநில அரசின் ஆதிதிராவிடர் நலத்துறை முழுநேர ஆய்வாளருக்கு வருடம் ஒரு லட்சம் தருகிறது. பழங்குடியினருக்கும் கிறிஸ்தவ மதம் மாறிய ஆதிதிராவிடருக்கும் இது உண்டு. தொகை சின்னதுதான், நெட் கைகூடாத வருடத்தில் பிடிமானமாக இருக்கும். வருமானச் சான்றிதழ் கேட்பார்கள்.

பணம் நின்றால் எப்பேர்ப்பட்டவருக்கும் படிப்பு நின்றுவிடும். ஹார்வர்டில் 1895-ல் முனைவர் பட்டம் வாங்கிய முதல் கறுப்பினத்தவரான டூ பாய்ஸ், அதற்கு முன் பெர்லினில் படித்துக்கொண்டிருந்தார். உதவித்தொகை நீட்டிக்கப்படாததால் அங்கே பட்டம் வாங்காமலே திரும்பினார். பரோடா அரசின் உதவியோடு 1913-ல் கொலம்பியா போன அண்ணல் அம்பேத்கர், லண்டன் படிப்பைப் பாதியில் விட்டு 1917-ல் ஊர் திரும்ப வேண்டியிருந்தது, 1920-ல்தான் மறுபடி போக முடிந்தது.

வெளிநாடு போக நினைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஆக்ஸ்ஃபோர்டின் 'பிளாக் அகாடமிக் ஃப்யூச்சர்ஸ்' போன்றவை பிரிட்டனில் வாழும் கறுப்பின மாணவர்களுக்கு ஒதுக்கியவை, அது அவர்களுடைய உரிமை, நாம் அங்கே விண்ணப்பித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். பட்டியல் சாதி மாணவர்களுக்கு மத்திய அரசின் 'நேஷனல் ஓவர்சீஸ் ஸ்காலர்ஷிப்' இருக்கிறது: முதுகலையில் 60 சதவீதம், வயது 35-க்குள், குடும்ப வருமானம் வருடம் எட்டு லட்சத்துக்குள். மாநில அரசிலும் அண்ணல் அம்பேத்கர் பெயரில் அயலக உயர்கல்வித் திட்டம் இருக்கிறது.

உதவித்தொகை கிடைத்த பிறகும் பணம் தானாக வந்து விழாது. நீங்கள் ஆய்வில் இருக்கிறீர்கள் என்பதைக் கல்லூரி இணையத்தில் உறுதிசெய்தால்தான் வரும், அதுவும் சில சமயம் மாதக்கணக்கில் தாமதமாகும். வங்கிக் கணக்கில் ஆதாரை இணைத்துவிடுங்கள். அந்த இணையப் பதிவைப் பார்க்கும் எழுத்தர் யார் என்று சேர்ந்த முதல் வாரமே விசாரித்து, மாதா மாதம் நேரில் போய்க் கேளுங்கள்.