எண்ணெய்க் கிணறு துளைப்பது எப்படி? ரிக் வேலைக்குப் போகும் தம்பிமாருக்கு ஒரு செய்முறை விளக்கம்

குழாய்க்கிணறு இறக்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருந்தால் எண்ணெய்க் கிணற்றில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

மட்டக்களப்பின் எழுவான்கரையில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் மணலில், பைப்பை நட்டு அதற்குள்ளால் தண்ணீர் அடிப்பார்கள். தண்ணீர் அடியில் மணலைக் கரைத்துக்கொண்டு பைப்பின் வெளிப்பக்கத்தால் மேலே வரும். இரண்டு பேர் திருப்பித் திருப்பி அமத்த, பைப் இறங்கிக்கொண்டே போகும். களுவாஞ்சிகுடியில் எங்கள் வளவில் இப்படி இறக்கும்போது மோட்டர் நின்றுவிட்டது. ஐந்து நிமிடம்கூட இருக்காது. அதற்குள் மணல் அடைந்து பைப்பைப் பிடித்துக்கொண்டது. மாமாவும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து திருகினார்கள், அசையவில்லை. அப்போது எனக்குப் பதினான்கு வயது. பிறகு ஓமான் பாலைவனத்தில் எட்டு வருடம் ரிக்கில், அதாவது எண்ணெய்க் கிணறு துளைக்கும் பெரிய பொறியில், வேலை செய்தேன். அங்கே படித்ததெல்லாம் அந்த ஐந்து நிமிடத்தின் விளக்கம்தான். கல்லை உடைத்துத் துளை போட இரும்பு இருக்கிறது. போட்ட துளை இடியாமலும் பொங்காமலும் பார்த்துக்கொள்ள மனிதர்கள் விழித்திருக்க வேண்டும்.

ஏஜென்சி மூலம் வளைகுடாவுக்குப் போகிற பலருக்கு, காலுக்குக் கீழே என்ன நடக்கிறது என்று யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. எங்கே துளைப்பது?

வாவிக்கு மறுபக்கம், படுவான்கரைக்குப் போனால் கதை வேறு. அங்கே மண்ணுக்குக் கீழே கருங்கல். கம்ப்ரசர் பூட்டிய லொறி வந்து காற்றால் அடித்துத்தான் துளைக்க வேண்டும். நம் மாவட்டம் இருப்பது விஜயன் தொகுதி என்று சொல்லப்படும் மிகப் பழைய பாறையின் மேல். பூமிக்குள் வெந்து, நெரிந்து உருமாறிய பாறை அது. எண்ணெய் உண்டாவது கடலடியிலும் ஏரியடியிலும் படிந்த வண்டல் பாறைகளில். அதனால்தான் இலங்கையில் எண்ணெய் தேடுபவர்கள் மன்னார் கடலுக்குப் போகிறார்கள். 2011இல் கெய்ன் லங்கா நிறுவனம் சிக்யு என்ற ஜப்பானியத் துளைக் கப்பலைக் கொண்டுவந்து அங்கே எரிவாயுவைக் கண்டது. கிழக்குக் கடலை ஆராய 2016இல் பிரான்சின் டோட்டல் நிறுவனத்தோடு ஒப்பந்தம் எழுதினார்கள்.

துளைக்குமுன் நிலத்துக்குள் அதிர்வை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்துப் பாறை அடுக்குகளைப் படமாக வரைவார்கள். நீங்கள் ரிக்குக்குப் போகும்போது அந்த வேலை முடிந்திருக்கும்.

2. அகலமாகத் தொடங்கு, ஒடுக்கிக்கொண்டே போ

கிணறு மேலிருந்து அடிவரை ஒரே அகலத்தில் போவதில்லை. முதலில் 20 அல்லது 30 அங்குலக் குழாய் ஒன்றை மேல் மண்ணில் இறக்குவார்கள். அதற்குள்ளால் 17½ அங்குலத் துளை, அதில் 13⅜ அங்குல கேசிங், அதாவது துளை இடியாமல் தாங்கும் இரும்புக் குழாய். அதற்குள்ளால் 12¼ அங்குலத் துளை, 9⅝ கேசிங். பிறகு 8½ அங்குலத் துளை, 7 அங்குலக் குழாய். எல்லாக் கிணறும் இந்தக் கணக்கில் போகாது. ஆனாலும் இந்த எண்களைப் பாடமாக்கி வையுங்கள். முதல் வாரமே காதில் விழும்.

3. துளைப்பது

துளைக்கும் பைப் ஒன்று ஏறக்குறைய 9½ மீற்றர் நீளம். அடிநுனியில் பிட். பற்கள் வைத்த மூன்று உருளைகள் உருண்டு கல்லை நொறுக்குவது ஒரு வகை. செயற்கை வைர வில்லைகள் கல்லைச் சுரண்டி எடுப்பது இன்னொரு வகை. மேலே டொப் ட்ரைவ் என்ற பெரிய மோட்டர் முழுப் பைப்பையும் சுழற்றும்.

புதிதாக வருபவர்கள் மேலிருந்து பைப்பை அமத்தித் துளைப்பதாக நினைப்பார்கள். கிலோமீற்றர் கணக்கில் நீண்ட பைப்பை அமத்தினால் அது வளைந்துவிடும். உண்மையில் கொக்கியில் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் துளைக்கிறார்கள். தூண்டில் கயிற்றின் அடியில் ஈயக்குண்டு கட்டுவதுபோல, பிட்டுக்கு மேலே தடித்த, பாரமான குழாய்கள் சில இருக்கும். அந்தப் பாரத்தில் ஒரு பங்கைத்தான் டிரில்லர், அதாவது பொறியை இயக்குபவர், பிட்டின் மேல் இறக்குவார், மற்றதெல்லாம் கொக்கியில் தொங்கும்.

4. சேறு

இதை இரண்டு தடவை வாசியுங்கள்.

ரிக்கில் மட் என்று சொல்வது இந்தச் சேற்றைத்தான். பெரிய பம்பு அதைப் பைப்புக்குள்ளால் கீழே தள்ளும். பிட்டின் ஓட்டைகளால் பீறிட்டு, பிட்டைக் குளிரவைத்து, உடைந்த கல்லை அள்ளிக்கொண்டு, பைப்புக்கும் கிணற்றுச் சுவருக்கும் இடையிலான வழியால் மேலே வரும். மேலே அதிரும் வலையில் கல் தங்கிவிட, சேறு தொட்டிக்குத் திரும்பும். எங்கள் வளவில் தண்ணீர் செய்த அதே வேலை.

தண்ணீர் ஏன் போதாது? மோட்டர் நின்றபோது எங்கள் பைப்பை மணல் பிடித்ததே, அதுதான் காரணம். ஓட்டம் நின்றதும் தண்ணீரால் மணலைத் தாங்க முடியவில்லை. சேற்றில் பென்ரனைட் என்ற களிமண்ணைக் கலக்கிறார்கள். ஆறிய கஞ்சி உறைந்து நிற்கும், அகப்பையால் கிண்டினால் இளகும் அல்லவா? இந்தச் சேறும் அப்படித்தான். பம்பு நின்றால் உறைந்து, கல் துண்டுகளை அந்தந்த இடத்திலேயே பிடித்து வைத்திருக்கும். பம்பு தொடங்கினால் இளகி ஓடும்.

அடுத்தது பாரம். தண்ணீருக்குள் பத்து மீற்றர் இறங்கினால் அழுத்தம் ஒரு பார் கூடும். மூவாயிரம் மீற்றர் அடியில் தண்ணீர்த் தூணின் அழுத்தம் ஏறக்குறைய 300 பார். மோட்டார் சைக்கிள் ரயருக்குள் இருப்பது இரண்டு பார்தான். பாறைக்குள் இருக்கும் எண்ணெயும் வாயுவும் சிலவேளை அந்த 300ஐயும் மீறித் தள்ளும். அதனால் சேற்றில் பரைற் என்ற பொடியைக் கலந்து பாரத்தைக் கூட்டுவார்கள். அது தண்ணீரைவிட நாலு மடங்குக்கு மேல் பாரமானது. பாரம் குறைந்தால் வாயு உள்ளே வரும். கூடினால் பாறை வெடித்துச் சேறு அந்த வெடிப்புக்குள் ஓடிவிடும். இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் இடைவெளி சில கிணறுகளில் மிகவும் ஒடுங்கியது.

புதியவர்களின் முதல் வேலையே பெரும்பாலும் இந்தப் பொடி மூட்டைகளைச் சுமந்து கொட்டுவதுதான். சேற்றில் கலக்கும், தோலை எரிக்கும் கோஸ்ரிக் சோடாவைக் கொட்டும்போது கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொடவே கூடாது. எவ்வளவு வெயிலாக இருந்தாலும் சரி.

5. கேசிங்கும் சீமெந்தும்

ஒரு கட்டம் முடிந்ததும் துளைக்கும் பைப்பை வெளியே எடுத்து, கேசிங் குழாயை இறக்கி, சீமெந்து வைப்பார்கள். மேலிருந்து சுவரில் ஊற்றுவதில்லை. குழாய்க்குள்ளால் கீழே தள்ளி, அடி வாயால் வெளியேற்றி, வெளிப்பக்கத்தால் மேலே ஏற வைப்பார்கள். சீமெந்தின் பின்னால் ஒரு இறப்பர் அடைப்பான் போகும். அது அடியில் போய் முட்டும்போது அழுத்த மானியின் முள் சட்டென்று ஏறும். சீமெந்து இறுகக் காத்திருந்து, அழுத்தம் கொடுத்துச் சோதித்த பிறகுதான் அடுத்த கட்டம்.

இந்தச் சோதனையில் அவசரம் காட்டக் கூடாது. 2010 ஏப்ரல் 20இல் மெக்சிக்கோ வளைகுடாவில் டீப்வோட்டர் ஹொரைசன் ரிக் வெடித்து 11 பேர் இறந்தார்கள். அடியில் வைத்த சீமெந்து தாங்கவில்லை. அதைக் காட்டிய சோதனையின் முடிவைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள்.

6. பைப்பை வெளியே எடுப்பது

பிட் தேய்ந்தால் முழுப் பைப்பையும் வெளியே இழுக்க வேண்டும். மும்மூன்று பைப்பாகக் கழற்றுவோம். மூவாயிரம் மீற்றர் என்றால் நூறு தடவைக்கு மேல் இதே வேலை. ஸ்லிப்ஸ் என்ற ஆப்புகளைப் பைப்பைச் சுற்றி வைத்துத் தாங்குவது, மூட்டைத் திருகிக் கழற்றுவது, தூக்கி ஓரமாக நிறுத்துவது. ஸ்லிப்சின் கைபிடியைப் பிடிக்கும்போது உள்ளங்கை மேலே பார்க்க இருக்க வேண்டும், விரல் பைப்பின் பக்கம் போகக் கூடாது. எனக்கு இதைக் காட்டித் தந்த மூத்தவருக்கு இடது கையில் இரண்டு விரல் பாதிதான் இருந்தது. அவர் காட்டிய பிறகு நான் ஒரு நாளும் மாற்றிப் பிடித்ததில்லை.

இழுக்கும்போது இரண்டு காரியம் நடக்கும். கிணற்றுக்குள் இருந்த இரும்பு வெளியே வருகிறது, அதனால் சேற்றின் மட்டம் இறங்குகிறது. அந்த அளவுக்குச் சேறு நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அதோடு, வேகமாக இழுத்தால் ஊசிக்குழாயின் தண்டைப் பின்னால் இழுப்பதுபோல, பிட் அடியிலிருந்து வாயுவை உறிஞ்சிவிடும். ஆகவே நிரப்பும் தொட்டியில் குறைய வேண்டிய அளவு குறைகிறதா என்று ஒருவர் எண்ணிக்கொண்டே இருப்பார். குறைய வேண்டியது குறையவில்லை என்றால், அந்த இடத்தை வேறு ஏதோ நிரப்புகிறது என்று அர்த்தம்.

இரவு இரண்டு மணிக்கு, கண் சொக்கும் நேரத்தில், அந்தக் கணக்கு எழுதும் தாளை உங்கள் கையில் தந்தால் மனதார எழுதுங்கள். பார்க்காமல் ஏதோ ஓர் இலக்கத்தைப் போட்டு நிரப்பாதீர்கள்.

7. வாயு உள்ளே வந்தால்

அடையாளங்கள்: தொட்டியில் சேறு கூடுவது, பம்பை நிறுத்திய பிறகும் கிணறு ஓடிக்கொண்டிருப்பது, பிட் திடீரென்று வேகமாக இறங்குவது. எதைக் கண்டாலும் டிரில்லருக்குச் சொல்லுங்கள். பிழையாக இருந்தாலும் பரவாயில்லை.

ஏன் இவ்வளவு அவசரம்? 300 பார் அழுத்தத்தில் ஒரு வாளி அளவு நுழையும் வாயு, மேலே வந்து விரியும்போது ஏறக்குறைய முந்நூறு வாளியாகும். அதுவும் பெரும்பகுதி கடைசிச் சில நூறு மீற்றரில்தான் விரியும்.

டிரில்லர் பம்பை நிறுத்தி, ரிக் தளத்துக்குக் கீழே இருக்கும் பி.ஓ.பி.யை (blowout preventer, கிணறு பொங்காமல் தடுப்பது) மூடுவார். அது ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய பெரிய அடைப்புகள். பைப்பைச் சுற்றி இறுக்கும் இறப்பர் வளையம், பைப்பின் அளவுக்கே வெட்டிய இரும்புக் கதவுகள், கடைசிக் கட்டத்தில் பைப்பையே வெட்டி மூடும் கத்திகள். மூடியபின் அழுத்தத்தை வாசித்து, கணக்குப் பார்த்து, பாரமான சேற்றை உள்ளே அனுப்பி, வாயுவை ஒடுங்கிய வால்வு ஒன்றினூடாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றுவார்கள்.

சில எண்ணெய் வயல்களில் ஐதரசன் சல்பைட் என்ற நச்சு வாயுவும் வரும். கூமுட்டை நாற்றம். கொஞ்சம் அதிகமானால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. நாற்றம் நின்றுவிட்டது, ஆபத்து போய்விட்டது என்று நினைத்தவர்கள் செத்திருக்கிறார்கள். அது காற்றைவிடப் பாரம், பள்ளத்தில் தங்கும். ரிக்கில் இறங்கிய முதல் நாளே காற்றுத் திசை காட்டும் துணிக்குழாய் எங்கே தொங்குகிறது என்று பார்த்து வையுங்கள். அலாரம் அடித்தால் காற்று வரும் திசைப் பக்கமாக, மேட்டுக்குப் போக வேண்டும்.

8. கிணறு என்ன தருகிறது?

அடிக்குப் போனதும் கம்பியில் கருவிகளை இறக்கி, பாறைக்குள் இருப்பது எண்ணெயா, வாயுவா, உப்புத் தண்ணீரா என்று அளப்பார்கள். நல்ல பதில் வந்தால் கடைசிக் குழாயை இறக்கிச் சீமெந்து வைத்து, அந்த அடுக்குக்கு நேரே சிறு வெடிகளால் குழாயிலும் சீமெந்திலும் ஓட்டை போடுவார்கள். மேலே கிறிஸ்மஸ் மரம் என்று பெயர் வைத்த வால்வுக் கூட்டம் நிற்கும்.

பதில் இல்லை என்றால் உள்ளே பல இடங்களில் சீமெந்தால் அடைத்து மூடிவிடுவார்கள். நான் வேலை செய்த ஒரு கிணறு அப்படிப் போனது. இரண்டு மாதம் நாற்பது பேர் இரவும் பகலும் நின்ற இடம். லொறிகள் ரிக்கை ஏற்றிக்கொண்டு போன அன்று, மேல் குழாயை அறுத்து, இரும்புத் தகடு ஒன்றை ஒட்டவைத்து, மணலைத் தள்ளி மூடினோம். மத்தியானக் காற்றிலேயே எங்கள் கால்தடங்களும் போய்விட்டன.