வீக்கம் வற்றட்டும் என்று திருப்பி அனுப்பாதீர்கள்

சென்ற வாரம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள என் கிளினிக்கில், படிப்பை முடித்துச் சேர்ந்து மூன்று மாதமே ஆன இளம் மருத்துவர், கன்னம் வீங்கி வந்த ஒருவருக்கு மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். ஐந்து நாளுக்கு அமாக்சிசிலின், மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரைகள். “வீக்கம் வற்றியதும் வாருங்கள், பல்லை எடுத்துவிடலாம்” என்றார். எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. வேலைக்கு வந்த புதிதில் நானும் இதையேதான் சொன்னேன். படியிறங்கிக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டு மறுபடி நாற்காலியில் உட்கார வைத்தேன்.

புதிதாக வேலைக்கு வரும் பல் மருத்துவர்கள் செய்யும் தவறுகளைத்தான் கீழே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். கையுறை, கருவிச் சுத்தம், மருந்து ஒவ்வாமை பற்றியெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அவை கல்லூரியிலேயே பழகிவிடும்.

சீழுக்கு வழி விடாமல் மாத்திரை எழுதுவது

மாத்திரை இரத்தத்தின் வழியாகத்தான் நோயிடத்துக்குப் போகிறது. சொத்தை ஆழமாகிப் பல்லின் உள்ளிருக்கும், நரம்பும் இரத்தக்குழாயும் ஓடும் கூழ் செத்துவிட்டால் அங்கே இரத்த ஓட்டமே கிடையாது. கிருமிகள் வேருக்குள் பத்திரமாக இருக்கும். மருந்து வெளியே சுற்றியுள்ள தசையில் பரவலை மட்டுப்படுத்தும், அவ்வளவுதான். பல்லைத் திறந்து சீழை வெளியேற்ற வேண்டும், அல்லது வீக்கத்தைக் கீறி வடிக்க வேண்டும், அல்லது பல்லையே எடுத்துவிட வேண்டும். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், உடனே சிகிச்சை செய்ய முடிகிற இடத்தில், எதிர்ப்புச் சக்தி குறையாத பெரியவர்களுக்குப் பெரும்பாலும் ஆன்டிபயாடிக் வேண்டாம் என்றே சொல்கிறது. காய்ச்சல் இருந்தால், வீக்கம் பரவினால், மருந்து வேண்டும். அப்போதும் சிகிச்சையோடு சேர்த்துத்தான்.

வேலைக்கு வந்த புதிதில் நான் அப்படித் திருப்பி அனுப்பியவர் பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பில் வேலை செய்தவர். கீழ்க் கடைவாய்ப் பல், தாடைக்கு அடியில் எலுமிச்சை அளவு வீக்கம். “வீங்கியிருக்கும்போது பல்லைத் தொடக் கூடாது” என்று ஊரில் எல்லோரும் சொல்வதை நானும் நம்பினேன். மூன்றாம் நாள் இரவு அவர் மனைவி அழைத்து வந்தார். வாய் ஒரு விரல் அளவுக்கே திறந்தது. எச்சிலை விழுங்க முடியாமல் துண்டில் வடித்துக்கொண்டிருந்தார். நாக்கு மேலெழுந்து அண்ணத்தைத் தொட்டது. “டாக்டர், ஒரு மாத்திரையைக்கூட விடவில்லை, நானே எண்ணிக் கொடுத்தேன்” என்று அந்த அம்மா காலிப் பட்டைகளை எடுத்துக் காட்டினார். புதுச்சேரிக்குக் கொண்டுபோய், தொண்டையில் துளையிட்டு மூச்சுக்கு வழி செய்து, கழுத்தில் இருபுறமும் கீறிச் சீழை எடுத்தார்கள். பிழைத்தார். தழும்பு இருக்கிறது.

லுட்விக் என்ற ஜெர்மன் மருத்துவர் 1836-இலேயே விவரித்த நோய் அது. கீழ்த்தாடையின் கடைசி இரண்டு கடைவாய்ப் பற்களின் வேர்நுனி, வாயின் அடித்தளத் தசை எலும்பில் ஒட்டும் கோட்டுக்குக் கீழே இருக்கும். அங்கிருந்து உடையும் சீழ் வாய்க்குள் வராது, கழுத்துக்குள் இறங்கும். இத்தனை காலம் தெரிந்த ஒன்றை ஒரு மருந்துச் சீட்டால் தள்ளிப்போடுவதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது. சர்க்கரை நோயாளி என்றால் அந்தக் கோபம் இரட்டிப்பாகிறது.

மரத்துப்போகாத ஊசி

புண்பட்ட தசையில் அமிலத்தன்மை கூடியிருப்பதால், மரத்துப்போகப் போடும் லிக்னோகெயின் மருந்து நரம்புக்குள் சரியாக நுழைவதில்லை. நோயாளி பயந்து கத்துகிறார் என்று அவர்மேல் பழி போடாதீர்கள். வீக்கத்துக்குள் குத்தாமல், தள்ளி, நரம்பு புறப்படும் இடத்தில் போடுங்கள். பத்து நிமிடம் பொறுங்கள்.

நோயாளி காட்டிய பல்லை எடுப்பது

மேல்தாடை வலி அதே பக்கத்துக் கீழ்த்தாடையில் தெரியும். குளிர் வைத்துப் பாருங்கள், தட்டிப் பாருங்கள், எக்ஸ்ரே எடுங்கள்.

ஈறில் ஆஸ்பிரின்

வலிக்கு ஆஸ்பிரினை ஈறில் வைத்தால் ஈறு வெந்துவிடும். வேண்டாம்.

வாயைத் திறக்கச் சொல்லாமல் அனுப்புவது

கன்னம் வீங்கிய யாரையும் வீட்டுக்கு அனுப்பும் முன், அவருடைய மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிமிர்த்தி மேல், கீழ் முன்பற்களுக்கு நடுவே வைக்கச் சொல்லுங்கள். நாக்கை வெளியே நீட்டச் சொல்லுங்கள். ஒரு மிடறு தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். நாக்குக்கு அடியில் விரலால் அழுத்திப் பாருங்கள். பலகைபோல் இறுகியிருந்தால் ஆபத்து. இவற்றில் ஒன்று தவறினாலும் கிளினிக்கில் கத்தியை எடுக்காதீர்கள். நோயாளியைப் படுக்க வைக்காமல் நிமிர்ந்து உட்கார வைத்து, 108-ஐ அழையுங்கள். போகிற மருத்துவமனைக்கு முன்னதாகவே போன் செய்து, “மூச்சு அடைக்கக்கூடும், மயக்க மருத்துவர் தேவை” என்று சொல்லுங்கள். ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரை அவர் பக்கத்தைவிட்டு நகராதீர்கள்.