இதயம் நின்றுபோனால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒருவர் சட்டென்று சரிந்து விழுந்தால் நம் ஊரில் முதலில் எழும் குரல், "ஓட்டோவைக் கூப்பிடு!" இதயம் நின்றவருக்கு அதுவே கேடாக முடியும். ஓட்டோவின் பின்சீட்டில் நெஞ்சை அழுத்த வழியில்லை. குச்சவெளியிலிருந்து திருகோணமலை ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்வரை மூளைக்கு இரத்தம் போகாது; மூளையோ சில நிமிடங்களிலேயே கெடத் தொடங்கும். விழுந்த இடத்திலேயே நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். ஒருவர் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வைக்கட்டும்.

மூச்சு இருக்கிறதென்று ஏமாறுவது அடுத்த தவறு. இதயம் நின்ற முதல் நிமிடங்களில் பலருக்கு ஒரு இழுப்பு வரும்: கரையில் போட்ட மீனைப்போல வாய் திறந்து மூடும், குறட்டைச் சத்தம் கேட்கும், பிறகு நீண்ட இடைவெளி. அது மூச்சல்ல. கைகால் வெட்டி இழுப்பதும் உண்டு. வலிப்பென்று நினைத்துக் கையில் திறப்பைத் திணித்துக்கொண்டு நிற்காதீர்கள். தோளைத் தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை, 10 விநாடிக்குள் ஒழுங்கான மூச்சும் இல்லை என்றால் அழுத்துங்கள். நாடி தேட வேண்டாம்.

மெத்தையில் வைத்து அழுத்தினால் மெத்தைதான் அமுங்கும். தரையில் மல்லாக்கக் கிடத்துங்கள். இடப்பக்கத்தில் அல்ல, நெஞ்சின் நடுவில், மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, மற்றக் கையை அதன்மேல் கோர்த்து, முழங்கை மடங்காமல் 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. பலர் பயந்து மெதுவாகத் தடவுவதுபோல் அழுத்துகிறார்கள். விலா எலும்பு முறியலாம், உண்மைதான். அது பிறகு பொருந்தும். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பிறகு நெஞ்சு முழுதாக எழும்ப விடுங்கள், இல்லாவிட்டால் இதயத்தில் இரத்தம் நிறையாது. களைத்த கைக்கு ஆழம் குறைவது தெரியாது. ஆகவே 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். மூச்சு ஊதப் பழகாதவர் வளர்ந்தவருக்கு இடைவிடாமல் அழுத்தினாலே போதும்.

பிள்ளைகளுக்கு இது போதாது. பெரியவருக்கு அநேகமாக இதயமே முதலில் பழுதாகிறது. பிள்ளைக்கு மூச்சு முதலில் அடைபட்டு, ஒட்சிசன் இல்லாமல் இதயம் நிற்கிறது. ஆகவே முதலில் 5 தடவை ஊதுங்கள், ஒவ்வொன்றும் நெஞ்சு எழும்பும் அளவுக்கு மட்டும். பிறகு 30 அழுத்தம், 2 மூச்சு என்று தொடருங்கள். ஆழம் நெஞ்சின் மூன்றிலொரு பங்கு: ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஏறக்குறைய 4 சென்ரிமீற்றர், அதற்கு மேல் 5. கைக்குழந்தையின் தலையைப் பின்னுக்கு வளைக்காதீர்கள், மூச்சுக்குழல் மடங்கிவிடும். முகம் நேராக மேலே பார்த்திருக்கட்டும். நெஞ்சை இரு கைகளாலும் சுற்றிப் பிடித்து, இரண்டு பெருவிரல்களால் அழுத்துங்கள்.

நிலாவெளியிலோ உப்புவெளியிலோ கடலில் மூழ்கி எடுக்கப்பட்டவருக்கும், எந்த வயதானாலும், மூச்சே முதலில். வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும், தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வேண்டவே வேண்டாம். அப்படி வருவது வயிற்றிலுள்ள தண்ணீரும் சோறும்தான். அது மூச்சுக்குழலுக்குள் இறங்கினால் நிலைமை இன்னும் மோசமாகும். அலை தொடாத இறுகிய மணலில் கிடத்துங்கள். வாயில் நுரை வந்தால் துடைத்துத் துடைத்து நேரம் கடத்தாமல் ஊதுங்கள். இதயத்தை மீண்டும் ஒழுங்காகத் துடிக்க வைக்கும் மின்னதிர்ச்சிக் கருவி (AED) கிடைத்தால் ஈர நெஞ்சைத் துடைத்தபின் அதன் பட்டைகளை ஒட்டுங்கள்.

ஒழுங்கான மூச்சு திரும்பும்வரை, அல்லது அம்புலன்ஸ்காரர் பொறுப்பெடுக்கும்வரை நிறுத்த வேண்டாம். மூச்சு வந்ததும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். சோடாவோ தண்ணீரோ வாயில் ஊற்றாதீர்கள்.