மாத்திரை விலை சரிதானா? பார்ப்பது எப்படி

அம்மாவின் பிரஷர், சுகர் மாத்திரைகளை மாதாமாதம் வாங்குவது என் வேலை. அட்டையில் பிராண்டு பெயரை விடுங்கள். பொடி எழுத்தில் இருக்கும் மூலப்பெயரும் மில்லிகிராமும்தான் முக்கியம். உதாரணத்துக்கு, அம்லோடிபின் 5 மி.கி. அட்டையை வெட்டித் தந்தால், விலை அச்சிட்ட பக்கத்தை நமக்குத் தரச் சொல்லுங்கள். முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

அப்புறம் போனில் ‘ஃபார்மா சஹி தாம்’ செயலியில் தேடுங்கள். தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையத்தின் செயலி அது. அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மருந்துக்கு உச்சவரம்பு விலை உண்டு. 2013-ம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, சந்தையில் 1 சதவீதமாவது பங்குள்ள பிராண்டுகள் கடைக்காரருக்கு விற்கும் விலையைச் சராசரி எடுத்து, கடைக்காரர் லாபமாக 16 சதவீதம் சேர்த்து அதைக் கணக்கிடுகிறார்கள். இதில் ஜிஎஸ்டி சேராது. அதையும் கூட்டிய பிறகே எம்.ஆர்.பி.யோடு ஒப்பிட வேண்டும். இது தெரியாமல் கடையில் சண்டைக்கு நிற்பவர்கள் உண்டு.

பட்டியலில் இல்லாத மருந்தென்றால், எம்.ஆர்.பி.யை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்பதுதான் பொது விதி. பழைய அட்டை ஒன்றை எடுத்து வைத்திருந்தால் பிடித்துவிடலாம்.

விலை கூடுதலா? பில், அட்டையின் படத்தோடு ‘ஃபார்மா ஜன் சமாதான்’ தளத்தில் புகார் செய்யுங்கள். கூடுதலாக வசூலித்ததை நிறுவனத்திடமிருந்து அரசு வட்டியோடு வாங்கிக்கொள்ளும். நம் கைக்கு வராது. எனக்கு இதில் உடன்பாடில்லை, சரி.

செலவு குறைந்தால் போதும் என்பவர்கள், மூலப்பெயரில் சீட்டு எழுதித் தரும்படி டாக்டரிடம் கேட்டு, மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ வாங்கலாம்.