மண்டி எடைப் பதிவு: ஒரு லோடு இரண்டு முறை ஏறாமல் படிவம் எழுதுவது எப்படி?

கிருஷ்ணகிரி மாங்காய் மண்டி ஒன்றுக்கு வெப் படிவம் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விவசாயி பெயர், ரகம், எடை, கிலோ விலை, அவ்வளவுதான். சீசனில் வெளியே வண்டிகள் காத்து நிற்க, நெட் மெதுவானால் பில் போடுபவர் 'சேமி' பட்டனை மறுபடி அழுத்தத்தான் செய்வார். 1,200 கிலோ பெங்களூரா 2,400 கிலோவாக ஏறிவிடும். இதைத் தடுப்பது படிவம் எழுதுகிறவரின் வேலை.

பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் எச்டிடிபி முறை முந்தைய கோரிக்கையை நினைவில் வைப்பதில்லை. அதனால் எதை எங்கே வைப்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். தேதி, ரகம் போன்ற தேடல் வடிகட்டிகள் யுஆர்எல்லில் இருக்கட்டும். லாகின் விவரம் செஷனில், அதாவது ஒவ்வொரு பயனருக்கும் சர்வர் வைத்திருக்கும் தற்காலிக நினைவில். மறைபுலத்தில் (திரையில் தெரியாத படிவப் புலம்) வைப்பதை யாரும் மாற்றி அனுப்ப முடியும். ஆகவே மொத்தத் தொகையை அங்கிருந்து எடுக்காமல் சர்வரிலேயே கணக்கிடுங்கள். பழைய ஏஎஸ்பி.நெட் வெப் ஃபார்ம்ஸ் என்றால், பெரிய பட்டியல்களுக்கு வியூஸ்டேட்டை (பக்கத்தின் நிலையை மறைபுலத்தில் சுமந்து செல்லும் வசதி) அணைத்து, ஒவ்வொரு முறையும் தரவைப் புதிதாக ஏற்றுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு அழுத்தலிலும் அந்தச் சுமை போய்த் திரும்பும்.

சேமித்ததும், படிவத்தை அனுப்பிய போஸ்ட் கோரிக்கைக்கு விடையாக நேரடியாகப் பக்கத்தைக் காட்டாதீர்கள். 'வேறு பக்கத்துக்குப் போ' என்று பிரவுசருக்குச் சொல்லும் 303 பதிலை அனுப்பி ரசீதுப் பக்கத்துக்குத் திருப்பிவிடுங்கள். பிறகு எஃப்5 அழுத்தினாலும் ரசீது மட்டுமே மறுபடி வரும். உள்ளீட்டில் பிழை இருந்தால், தட்டச்சு செய்தது அப்படியே இருக்க, பிழைச் செய்தியோடு படிவத்தைத் திரும்பக் காட்டுங்கள். கோப்புப் புலத்தை மட்டும் திரும்ப நிரப்ப பிரவுசர் விடாது.

ஆனால் 303 இரட்டை அழுத்தலைத் தடுக்காது. முதல் கோரிக்கைக்குப் பதில் வருமுன்பே இரண்டாவது கிளம்பிவிடும். படிவத்தைத் திறக்கும்போதே யூகிக்க முடியாத ஒரு டோக்கனை (அடையாளக் குறி) உருவாக்கி மறைபுலத்தில் வையுங்கள். எடைப் பதிவு அட்டவணையில் அதற்கென ஒரு நெடுவரிசை, அதன்மேல் ஒரே மதிப்பை இருமுறை ஏற்காத யுனிக் கட்டுப்பாடு. 'ஏற்கெனவே இருக்கிறதா' என்று முதலில் தேடிப் பார்த்துவிட்டு எழுதுவது போதாது. ஒரே நேரத்தில் வரும் இரு கோரிக்கைகளும் 'இல்லை' என்ற பதிலையே பெறும். நேராக எழுதுங்கள், டேட்டாபேஸ் மறுத்தால் பழைய ரசீதுக்கே திருப்புங்கள். பில் போடுபவருக்குப் பிழைச் செய்தி தேவையில்லை.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. 'பேக்' அழுத்தி அதே படிவத்தில் அடுத்த வண்டியின் எடையைப் போட்டால் பழைய டோக்கனே வரும். புது லோடு பதிவாகாமல் போகும். இரட்டிப்பைவிட மோசம் இது, விவசாயிக்குப் பணமே சேராது. டோக்கன் ஒன்றாகவும் விவரங்கள் வேறாகவும் இருந்தால் எச்சரித்து, புதுப் படிவம் கொடுங்கள்.

சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் வேறு. அது வெளித்தளங்களிலிருந்து வரும் போலிப் பதிவைத் தடுப்பது. இரட்டைப் பதிவைத் தடுக்காது. அது பொருந்தாவிட்டால் பிஎச்பியின் லாராவெல் ஃபிரேம்வொர்க் 419 பிழையையும், பைத்தானின் ஜாங்கோ 403 பிழையையும் காட்டும். இந்த டோக்கனைச் செஷனில் வைத்தால், செஷன் முடிந்ததும் அதுவும் செல்லாது. பிஎச்பியின் இயல்பான செஷன் ஆயுள் 1,440 விநாடி, அதாவது 24 நிமிடம்தான். லாராவெல்லில் 120 நிமிடம். படிவத்தைத் திறந்துவைத்துவிட்டு எடை மேடைக்குப் போய் வருபவருக்கு 24 நிமிடம் போதாது. ஒரு ஷிஃப்ட் அளவுக்கு உயர்த்துங்கள்.

சோதிக்க, பிரவுசரின் டெவலப்பர் கருவியில் நெட் வேகத்தைக் குறைத்து 'சேமி'யை இருமுறை அழுத்துங்கள். பிறகு எஃப்5. அட்டவணையில் ஒரே வரிசை இருக்க வேண்டும். அடுத்து 'பேக்' போய் எடையை மாற்றி அனுப்புங்கள். எச்சரிக்கை வர வேண்டும்.