வாலாட்டியைப் பார்க்கும்போது செய்யக்கூடாதவை

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்தை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்குச் செப்டம்பரில் கருஞ்சாம்பல் வாலாட்டி வந்துவிடும். இமயமலையிலும் அதற்கு வடக்கிலும் குஞ்சு பொரித்துவிட்டு, ஓடைக்கரையில் குளிர்காலத்தைக் கழிக்க வருகிற குருவி.

வயிற்று மஞ்சளைக் கண்டதும் ‘மஞ்சள் வாலாட்டி’ என்று குறித்துவிடுவதுதான் எல்லோரும் செய்கிற தவறு. நிறத்தை விட்டுவிட்டுக் காலைப் பாருங்கள். மஞ்சள் வாலாட்டிக்குக் கால் கறுப்பு. இதற்கு வெளிறிய பழுப்பு, சற்றே இளஞ்சிவப்பு ஓடியிருக்கும். வாலும் உடம்புக்கு மிஞ்சிய நீளம். கூடலூர்க் காப்பித் தோட்டத்து நிழலில் வாலைப் பக்கவாட்டில் ஆட்டுவது கொடிக்கால் வாலாட்டி. நம்முடையது மேலும் கீழுமாகத்தான் ஆட்டும்.

பறவைப் புத்தகப் படத்தில் ஆணுக்குத் தொண்டை கறுப்பாக இருக்கும். அதைத் தேடிக் காணாமல், ‘இங்கே பெண் மட்டும்தான் வருகிறது’ என்று சிலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். குளிர்காலத்தில் ஆணுக்கும் தொண்டை வெள்ளைதான். மார்ச்சில் உற்றுப் பார்த்தால், ஊருக்குக் கிளம்பும் முன் சிலவற்றின் தொண்டையில் கறுப்பு திட்டுத்திட்டாக ஏறியிருக்கும்.

நொய்யரிசி தூவ வேண்டாம். பூச்சி தின்கிற பறவை அதைச் சீண்டாது. கேரட் கழுவுகிற இடத்துச் சகதியில் அது ஓடியோடிக் கொத்துவதெல்லாம் ஈக்களையும் புழுக்களையும்தான். உபசரிக்க ஆசைப்படுபவர்கள் ஓடையோரப் பாத்திகளிலாவது மருந்து அடிக்காமல் விடலாம். இங்கே கூடு தேடுவதும் வீண் வேலை.

ஜீப்பின் பக்கக் கண்ணாடியோடு அது சண்டை போடுவதை வீடியோ எடுத்துச் சிரிப்பது எனக்குப் பிடிப்பதில்லை. குளிர்காலத்திலும் தன் எல்லையைக் காக்கிற பறவை, பிம்பத்தைப் போட்டிக்காரன் என்று நினைத்துச் சோர்ந்துபோகும் வரை கொத்துகிறது. ஒரு துணிப்பையை மாட்டிவிட்டால் தீர்ந்தது.

‘போன வருடம் வந்த அதே குருவி’ என்று சத்தியம் செய்யாதீர்கள். அதேதானாக இருக்கலாம், காலில் அடையாள வளையம் இல்லாமல் உறுதியாகச் சொல்ல முடியாது.

வந்த தேதியைக் குறிப்பவர்கள் போன தேதியைக் கோட்டைவிடுகிறார்கள். இல்லாமல் போனது சில நாள் கழித்துத்தான் உறைக்கும். ஆகவே மார்ச் பிறந்ததும் தினமும் ‘உண்டு’, ‘இல்லை’ என்று காலண்டரிலேயே எழுதிவாருங்கள். ஜனவரியில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பிலும் சேரலாம். வாசலில் 15 நிமிடம் நின்று, கண்ட பறவைகளையெல்லாம் பட்டியலிட்டு ‘இபேர்ட்’ (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றினால் போதும்.